லில்லிக்கு ஆவி பிடித்த கதை

கல்யாணமாகி வருகிற பெண் எதைக் கொண்டுவந்தாலும் புகுந்த வீடு எப்படியாவது அதற்கொரு இடம் கண்டுபிடித்துவிடும். கட்டில், பீரோ, அரைக்கவே அரைக்காத மிக்சி, பெண்ணின் முன்கோபம் என எல்லாவற்றுக்கும் ஒரு மூலை கிடைக்கும். மூக்கொழுகும் பூனைக்கு மட்டும் கிடைக்காது. கிடைக்க வேண்டுமென்றால் ஊர் முன்னால் ஒருமுறை மானம் போக வேண்டும். எனக்குப் போனது.

என் பூனையின் பெயர் லில்லி. பொழிச்சலூரில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் பிறந்தவள். அவள் அம்மா மற்ற குட்டிகளையெல்லாம் கவ்விக்கொண்டு வேறு இடம் போனபோது, கண்ணும் மூக்கும் சளியில் ஒட்டிக் கிடந்த இவளை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துக் கண்ணைத் திறந்துவிட்டேன். திறந்த கண் முதலில் பார்த்தது என்னை. அன்றே நான்தான் தாய் என்று தீர்ப்பாகிவிட்டது, மேல்முறையீட்டுக்கு இடமில்லை. கண் சரியாகிவிட்டது. மூக்கு மட்டும் சரியாகவே இல்லை. நன்றாக இருப்பாள், திடீரென்று ஒருநாள் தும்ம ஆரம்பிப்பாள், ஒரு வாரம் வீட்டுச் சுவரெல்லாம் புள்ளி வைப்பாள், பிறகு அடங்கிவிடுவாள்.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே அவள் அரங்கேறிவிட்டாள். வருங்கால மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பொண்ணு மூக்கும் முழியுமா நல்லா இருக்கா" என்றார். அந்த நொடியில் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு தும்மல் வந்தது. சாதாரணத் தும்மல் இல்லை, ஈரத்தும்மல். எல்லோரும் என் மூக்கைப் பார்த்தார்கள். (என் மூக்கு அன்று பவுடர் போட்டு வெகு சுத்தமாக இருந்தது என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.)

கல்யாணம் முடிந்ததும் அம்மா, கோயம்புத்தூரில் தம்பி வீட்டோடு போய்விட்டாள். தம்பி குடியிருப்பில் பிராணிகள் கூடாது. பொழிச்சலூர் வீட்டைக் காலி செய்தாயிற்று. ஆக, லில்லிக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள் நான். என் கணவர் ஜெபராஜிடம் சொன்னேன். மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை அவருக்கு. பகலெல்லாம் குற்றம் கண்டுபிடித்துக் களைத்துப்போவதால் வீட்டில் எதிலும் குற்றம் பார்க்க மாட்டார். "பூனைதானே? வரட்டும்" என்றார். தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லத் தெரியாத அப்பாவி.

அப்படித்தான் கிழக்குத் தாம்பரம் பக்கம், சேலையூரில் என் மாமியாரான அத்தை வீட்டுக்கு நானும் லில்லியும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினோம்.

அத்தை தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த பொருள் எதுவானாலும் அதற்கு உரிய இடத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்ப வேண்டும். இதுதான் அவர் கொள்கை. ஹால் சோபாவில் அவர் கையால் பின்னிய வெள்ளை நூல் விரிப்பு இருந்தது. அதில் விருந்தாளிகளே முதுகு சாய யோசிப்பார்கள். லில்லி யோசிக்கவில்லை. முதல் நாளே அதில் ஏறி உட்கார்ந்து மூக்கைத் துடைத்துக்கொண்டாள். சாயங்காலம் குடும்ப ஜெபத்தில், அத்தை கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்து முடிக்கும்போது, நாங்கள் 'ஆமென்' சொல்லவேண்டிய இடத்தில் லில்லி தும்மினாள். அத்தை கண்ணைத் திறக்காமலே, "கர்த்தாவே, பொறுமையைத் தாரும்" என்று ஒரு வரி கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார்.

அத்தை கெட்டவர் இல்லை. ஒருநாள்கூட என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி, இரண்டு பேரும் அழுது, அன்றே சிநேகிதமாகியிருப்போம். அவர் மரியாதையாக இருந்தார், நானும் மரியாதையாக இருந்தேன். இரண்டு மரியாதைகள் ஒரே சமையலறையில் நின்றால் அங்கே காபிகூட நிம்மதியாகப் பொங்காது. தட்டில் இரண்டாவது கரண்டி சோறு விழுவதற்கு முன்பே "போதும் அத்தை" என்பேன். உண்மையில் பசிக்கும். ஆனால் அந்த வீட்டில் எவ்வளவு சாப்பிட்டால் சரி என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் அறை தெருப்பக்கம் இருந்தது. ரயில் ஊதுகிற ஒவ்வொரு முறையும் விழித்துக்கொள்வேன். லில்லியும் அப்படித்தான். பொழிச்சலூரில் தலைக்கு மேலே விமானம் இறங்கும்போது காதைக்கூட அசைக்காதவள், இங்கே ரயில் சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்கினாள்.

பிறகு அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள்.

முதலில் திமிர் என்று நினைத்தேன். சங்கரா மீனை வேகவைத்து முள்ளெடுத்து வைத்தேன், பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். மூக்கு இரண்டும் அடைத்து, வாயைத் திறந்து மூச்சு விட்டாள். பக்கத்தில் போனால் உறுமினாள். நாலு வருஷம் வளர்த்த என் கையையே பிராண்டினாள்.

அத்தை அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வெள்ளிக்கிழமை காலையில் மெதுவாகச் சொன்னார். "நாளைக்கு மதுராந்தகத்துல இருந்து என் தம்பி வர்றான்மா. அவன் தோப்புல பூனைங்க நெறைய இருக்கு, எலியும் நெறைய இருக்கு. அவன்கூட அனுப்பிடலாம். இங்க அது சந்தோஷமா இல்ல. சந்தோஷமா இல்லாத எடத்துல அதைப் புடிச்சு வச்சு என்னம்மா பிரயோஜனம்?"

திட்டியிருந்தால் எதிர்த்திருப்பேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மூச்சு விட முடியாத பூனையை மதுராந்தகம் தோப்பில் கொண்டுபோய் விட்டால் அது எலி பிடிக்காது. எலிகள் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போகும். நாளை சாயங்காலத்துக்குள் லில்லி ஒரு வாய் சாப்பிட வேண்டும். இல்லையென்றால் போய்விடுவாள். தோப்புக்குப் போனாலும் போய்விடுவாள், போகாவிட்டாலும் போய்விடுவாள்.

நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, லில்லியைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்திலிருந்த கால்நடை மருத்துவரிடம் ஆட்டோவில் போனேன். துண்டுக்குள்ளிருந்து கர்ர் கர்ர் என்று சத்தம். ஆட்டோ அண்ணன் கண்ணாடியில் பார்த்தார்.

"இன்னாக்கா, கொயந்தைக்கு சளியா? மூச்சு இஸ்துகினு கீதே."

"ஆமாண்ணா."

"எத்தினி மாசம்?"

"நாலு வருஷம்ணா."

அவர் துண்டின் அளவைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கேம்ப் ரோடு சிக்னல் தாண்டும்வரை கண்ணாடியில் துண்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். அப்புறம் லில்லி 'மியாவ்' என்றதும்தான் அவருக்கு உயிர் வந்தது. "பூனையா! மொதல்லயே சொல்லக்கூடாதாக்கா? நாலு வருசத்துக் கொயந்தை இத்தினூண்டு கீதேன்னு ஒரே பேஜாரா பூட்ச்சு எனக்கு." ஆண்டவர் அந்த ஆட்டோக்காரர் வாயிலாக எனக்கு ஒரு எச்சரிக்கை அனுப்பியிருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

மருத்துவர் இளைஞர், நிதானமானவர். நான் ஒரு கட்டைப்பை நிறைய மருந்து கொண்டுபோயிருந்தேன். ஓமம், நொச்சி இலை, யூகலிப்டஸ் தைலம், நெஞ்சில் தடவும் களிம்பு. எது போடலாம் என்று கேட்டு, அவர் தலையாட்டியதும் போட்டுவிடலாம் என்று திட்டம். அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஓரமாக வைத்தார்.

"மேடம், இதுல ஒண்ணுகூட பூனைகிட்ட போகக்கூடாது. தைலம், களிம்பெல்லாம் அதுக்கு விஷம். நமக்குக் குடுக்கிற காய்ச்சல் மாத்திரையும் குடுத்துடாதீங்க, உயிருக்கே ஆபத்து."

"அப்ப இதுக்கு என்னதான் டாக்டர்?"

"குட்டியில வந்த வைரஸ் இது. நிறைய பூனைங்களுக்கு முழுசாப் போகாது, உள்ளேயே தூங்கிட்டிருக்கும். பயந்தாலோ, இடம் மாறினாலோ முழிச்சுக்கும். வீடு மாத்துனீங்களா?"

"கல்யாணம் ஆச்சு" என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதிலா என்று எனக்கே தெரியவில்லை.

அவர் சிரிக்கவில்லை. "மூக்கு அடைச்சா வாசனை தெரியாது. வாசனை தெரியலன்னா, எதிர்ல இருக்கிறது சாப்பாடுன்னே பூனைக்குப் புரியாது. அதுக்குப் பசி இருக்கு, வழி தெரியல, அவ்வளவுதான். ஆனா இப்படியே பட்டினி கிடந்தா ஈரல் கெட்டுடும். ஊசி போடறேன், சொட்டு மருந்து தர்றேன். வீட்டுக்குப் போய் ஆவி பிடிங்க. பாத்ரூம் கதவைச் சாத்தி, வெந்நீரைத் திறந்துவிட்டு, இதைத் தூக்கிக்கிட்டு உள்ளே உட்காருங்க. வெறும் தண்ணி, வேற எதுவும் போடாதீங்க. மூக்கு திறந்தா சாப்பிடும்."

பசி இருக்கிறது, வழி தெரியவில்லை. அந்த வார்த்தை வீடு வரும்வரை என்னுடனேயே வந்தது.

இனிமேல் நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒரு விஷயம். நான் தமிழாசிரியை. ஒரே சொல் இரண்டு பொருள் தந்தால் சிலேடை என்று ஒன்பதாம் வகுப்புக்கு வருஷா வருஷம் பாடம் நடத்துகிறவள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். வாத்தியாரே மக்காக இருந்தால் என்ன சொல்வது என்று பழமொழி சொன்னவர்கள் யோசிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, சாயங்காலம் முதல் தடவை ஆவி பிடித்தேன். கொஞ்சம் தும்மினாள், சாப்பிடவில்லை. அத்தை, தம்பி வருகிறார் என்று மீன் வாங்கத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். எனக்கு யாரிடமாவது சொல்லி அழவேண்டும் போலிருந்தது. எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்துக்கு வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. அத்தையிடம் இருப்பது பட்டன் போன் என்பதால், அவர் சார்பில் என்னைச் சேர்த்துவிட்டிருந்தார்கள். அதுவரை அதில் நான் 'ஆமென்' தவிர எதுவும் எழுதியதில்லை. அன்றைக்கு எழுதினேன்.

"அன்பான சகோதரிகளே, எங்கள் வீட்டு லில்லிக்கு உடம்பு மிகவும் சரியில்லை. சாப்பாட்டைத் தொடுவதில்லை. கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து உறுமுகிறாள். பக்கத்தில் போனால் பிராண்டுகிறாள். இன்று ஆவி பிடிச்சிருக்கு. தயவுசெய்து ஜெபியுங்கள்."

நான் எழுத நினைத்தது 'ஆவி பிடிச்சிருக்கோம்'. 'பிடிச்சிரு' வரை தட்டினதும் போன் 'பிடிச்சிருக்கு' என்று எடுத்துக் கொடுத்தது. (புடவைக் கடைப் படங்களுக்கெல்லாம் 'ரொம்பப் பிடிச்சிருக்கு' என்று பதில் போட்டுப் பழக்கியவள் நான்தான், போனைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை.) விகுதி ஒன்று மாறிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. 'பூனை' என்ற சொல்லை அந்தச் செய்தியில் எங்குமே எழுதவில்லை என்பதுதான் என் மேதைமை. எனக்கு லில்லி என்றால் லில்லிதான். உலகத்துக்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

அனுப்பிவிட்டு, போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, லில்லியைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது தடவை ஆவி பிடிக்க உள்ளே போய்விட்டேன். வெளியே குழுவில் என்ன நடந்தது என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 'யாருங்க லில்லி?' என்று ஒருவர். 'ஜெபராஜுக்குத் தங்கச்சி இல்லையே' என்று ஒருவர். 'புது மருமகள் பேர் வேற ஏதோ ஆச்சே' என்று ஒருவர். கடைசியில் குளோரி ஆன்ட்டி எழுதினார். சபையில் யார் வீட்டில் கஷ்டம் என்றாலும் முதலில் போய் நிற்கிறவர், ஜெபத்தில் உறுதியானவர். அவர் எழுதியது இது: 'அந்தப் பொண்ணேதான் லில்லி. தன்னைப் பத்தியே வேற யாரோ மாதிரி எழுதுறா பாருங்க. உள்ளே இருக்கிறது எழுதுது. நான் கிளம்பிட்டேன்.'

அவரோடு இரண்டு பெண்களும் வந்திருக்கிறார்கள். அப்போதுதான் வேலை முடிந்து வந்த ஜெபராஜ் கதவைத் திறந்திருக்கிறார். இந்த உரையாடலை அவர் இன்றைக்கும் ஒரு வார்த்தை பிசகாமல் நடித்துக் காட்டுவார்.

"தம்பி, லில்லி எங்கப்பா?"

"பாத்ரூம்ல ஆன்ட்டி. ஆவி பிடிச்சிட்டிருக்கு."

"எப்பலருந்து?"

"சின்ன வயசுலருந்தே ஆன்ட்டி. வரும், போகும். கல்யாணத்துக்கு அப்புறம்தான் ஜாஸ்தியாயிடுச்சு."

"தெரிஞ்சேவா கட்டிக்கிட்ட?"

"தெரியும் ஆன்ட்டி. கூடவே வரும்னு முன்னாடியே சொல்லிட்டாங்க. நான்தான் பரவாயில்ல, வரட்டும்னேன்."

குளோரி ஆன்ட்டியின் கண் கலங்கிவிட்டதாம். "பெரிய மனசுப்பா உனக்கு. அம்மா என்ன சொல்றாங்க?"

"நாளைக்கு மதுராந்தகத்துக்கு அனுப்பிடலாம்ங்கறாங்க ஆன்ட்டி."

"அய்யய்யோ, வாழ வந்த பொண்ணை அனுப்புறதா? நாங்க இருக்கோம்" என்று மூவரும் உள்ளே வந்து குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்றுவிட்டார்கள்.

உள்ளே என் நிலைமை இது. வெந்நீர் கொட்டுகிறது, புகை மூட்டம். தலை அவிழ்ந்து முகத்தில் ஒட்டியிருக்கிறது. நைட்டி தொப்பலாக நனைந்திருக்கிறது. இரண்டு கையிலும் ரத்தக்கீறல். துண்டுக்குள் லில்லி அடிவயிற்றிலிருந்து உறுமுகிறாள், டைல்ஸ் சுவரில் பட்டு அது புலி உறுமல் போலக் கேட்கிறது. நானோ அவள் மூக்கிலிருக்கிற சளியோடு நேரடிப் பேச்சுவார்த்தையில் இறங்கியிருக்கிறேன்.

"வெளிய வா! எத்தனை நாளைக்கு உள்ளேயே உட்கார்ந்துகிட்டு இவளைக் கொல்லுவ? நாளைக்குள்ள நீ வெளிய வந்தாகணும்! வா! மொத்தமா வந்துரு!"

வெளியே திடீரென்று மூன்று பேர் உரத்த குரலில் ஜெபிக்கும் சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டு டிவி என்று நினைத்தேன். மூச்சு முட்டியதால் கதவைத் திறந்தேன்.

புகையோடு நான் வெளியே வந்த காட்சியை ஜெபராஜ் சொல்லித்தான் கேட்க வேண்டும். அந்த இரண்டு பெண்களும் பின்வாங்கி டைனிங் டேபிளில் முட்டிக்கொண்டார்கள். குளோரி ஆன்ட்டி அசையவில்லை. கையை நீட்டி அதிகாரமாகக் கேட்டார்.

"உன் பேர் என்ன?"

நான் பூனையைக் கேட்கிறார் என்று நினைத்தேன். "லில்லி ஆன்ட்டி."

"எங்கேருந்து வந்த?"

"பொழிச்சலூர்."

அவர் பின்னால் திரும்பி, "உண்மையைச் சொல்லுது" என்றார். பிறகு என் கண்ணுக்குள் பார்த்து மூன்றாவது கேள்வியைக் கேட்டார்.

"எதுக்கு இந்த வீட்டுக்கு வந்த?"

இதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வந்ததிலிருந்து யாரும் என்னிடம் அப்படி எதையும் கேட்கவில்லை. சாப்பிட்டியா, தூங்கினியா, ஸ்கூல் எப்படி, எல்லாம் மரியாதையான கேள்விகள். எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொல்லியிருந்தேன். இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் மரியாதையான பதில் இல்லை. அழுகை வந்துவிட்டது.

"தெரியல ஆன்ட்டி. இங்க எங்களை யாருக்கும் பிடிக்கல. ரயில் சத்தத்துல தூக்கமே வர்றதில்ல. பசிக்குது, ஆனா சாப்பாடு எறங்க மாட்டேங்குது. நாளைக்கு அனுப்பிடுவாங்க. நாங்க எங்க போவோம்?"

"எங்களைன்னா?" குளோரி ஆன்ட்டி குரலைத் தாழ்த்தினார். "உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?"

"ரெண்டு பேர்" என்றேன் விக்கிக்கொண்டே.

அப்போது துண்டு அசைந்தது. என் மார்பிலிருந்து இரண்டு காதுகளும், ஈரமான ஒரு முகமும் மேலே வந்தன. லில்லி குளோரி ஆன்ட்டியைப் பார்த்தாள். வாயை அகலத் திறந்தாள். அதுவரை உள்ளே அடைத்துக்கிடந்தது அத்தனையும் ஒரே தும்மலில் வெளியே வந்து ஆன்ட்டியின் வெள்ளைப் புடவையில் தோளிலிருந்து இடுப்புவரை விழுந்தது.

வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

"அது பூனை, குளோரி. அதுக்குச் சளி."

அத்தை நின்றுகொண்டிருந்தார். கையில் மீன் கூடை. எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை, ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் நான் சொன்னது அனைத்தையும் கேட்டிருக்கிறார் என்று தெரிந்துவிட்டது. எனக்கு அப்படியே திரும்பிப் போய்க் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போலிருந்தது.

"என் மருமகளுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் அத்தை. "தப்பு எங்க மேலதான்." அதற்குமேல் எதுவும் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை, ஏனென்றால் லில்லி என் கையிலிருந்து குதித்துவிட்டாள்.

குதித்தவள் நின்றாள். மூக்கைத் தூக்கினாள். அந்தக் கருத்த சின்ன மூக்கு அசைவதை எத்தனையோ நாளைக்குப் பிறகு பார்த்தேன். ஒரு பக்கம் அசைந்தது, பிறகு இன்னொரு பக்கம். நேராக நடந்துபோய் அத்தையின் கூடைக்குள் தலையை விட்டாள். உள்ளே நெத்திலி. கறுக், மொறுக் என்று சத்தம் வந்தது.

நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தேன், தம்பிக்காக வாங்கிய மீன் ஆயிற்றே. அத்தை கையைக் காட்டித் தடுத்தார்.

"யாரும் கிட்ட வராதீங்க. சாப்பிடட்டும்."

சொல்லிவிட்டு, ஈரத் தரையிலேயே புடவையோடு உட்கார்ந்தார். ஒவ்வொரு நெத்திலியாக எடுத்துத் தலையைக் கிள்ளி, முள்ளை உருவி, லில்லியின் முன்னால் வைத்தார். அவள் தின்னத் தின்ன வைத்துக்கொண்டே இருந்தார். குளோரி ஆன்ட்டி புடவையைத் துடைக்கவும் மறந்து நின்று பார்த்தார். கடைசியில் மனமார "ஸ்தோத்திரம்" என்றார். மூக்கறுபட்டுப் போய்விட்டோம் என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. ஜெபித்தோம், வெளியே வந்தது, பெண் சாப்பிட்டாள். அவர் கணக்கில் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. யோசித்துப் பார்த்தால் என் கணக்கிலும்தான்.

அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது அத்தை என் தட்டில் இரண்டாவது கரண்டி போட்டார். பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன். "போதும்னு மட்டும் சொல்லு, மதுராந்தகத்துக்கு உன்னை அனுப்பிடறேன்" என்றார். மூன்றாவது கரண்டியும் சாப்பிட்டேன். அதற்கப்புறம் கழுவுகிற இடத்தில் நின்று, என்னைப் பார்க்காமலே கேட்டார்: "ரயில் சத்தம் தொந்தரவா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதாம்மா? நான் நாப்பது வருஷமா கேட்டுக் கேட்டு, அது சத்தம்னே மறந்துட்டேன்." மறுநாள் வந்த அவர் தம்பியை வைத்தே கட்டிலைத் தூக்கிப் பின்பக்க அறையில் போடச் சொன்னார். அது அவருடைய அறை. அவர் தெருப்பக்கம் வந்துவிட்டார். தம்பி மதுராந்தகத்துக்கு வெறுங்கையோடு திரும்பிப் போனார், நெத்திலி வறுவலும் கிடைக்காமல்.

லில்லியின் மூக்கு இன்றுவரை சரியாகவில்லை. வெள்ளையடித்தால் தும்முவாள், விருந்தாளி வந்தால் தும்முவாள். அப்போதெல்லாம் ஆவி பிடிக்கிறோம், இப்போது பெரும்பாலும் அத்தைதான் பிடிக்கிறார். எங்கள் சொந்தபந்தத்தில் யாருக்குச் சளி பிடித்தாலும் 'ஆவி பிடிச்சிருக்கீங்களா, இல்ல ஆவி பிடிச்சிருக்கா?' என்று கேட்காமல் விடுவதில்லை. நானும் ஒன்பதாம் வகுப்பில் சிலேடைப் பாடத்தை இப்போதெல்லாம் வேகமாக முடித்துவிடுகிறேன்.

குளோரி ஆன்ட்டி தொடங்கிவைத்த ஜெபத்தை நிறுத்தவில்லை. வாராவாரம் பெண்கள் ஐக்கியத்தில் 'சகோதரி லில்லியின் சுகத்துக்காக' ஒரு ஜெபம் உண்டு. சுகமாகாதவரை நிறுத்துவது முறையில்லை என்பது அவர் கட்சி. சபைக்குப் புதிதாக வந்த உபதேசியார் இதைக் கேட்டு மனம் இரங்கி, இத்தனை வருஷமாகப் படுத்த படுக்கையாக இருக்கிற சகோதரியைப் பார்க்க வேண்டும் என்று போன மாதம் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் வேதாகமமும், ஒரு கிலோ ஆப்பிளும்.

நான் எப்படிச் சொல்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோது அத்தை அவரை ஹாலுக்குள் அழைத்துப்போனார். சோபாவில் வெள்ளை விரிப்பின் நடுவில் லில்லி சுருண்டு கிடந்தாள்.

"இவதான் ஐயா லில்லி" என்றார் அத்தை.

உபதேசியார் ஆப்பிளைக் கீழே வைப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். "உங்களுக்கு இவங்க… என்ன உறவுங்கம்மா?"

"மருமககூட வந்தவ" என்றார் அத்தை. "வந்த புதுசுல ரெண்டு பேரும் சாப்பிடாம கெடந்தாளுங்க. இப்ப ரெண்டு பேரும் என்னைச் சாப்பிட விடறதில்ல. ரெண்டு பேருக்குமே ஜெபம் பண்ணிட்டுப் போங்க."